மனுவா, சங்கமா, எந்தச் சங்கம்: மருத்துவமனை ஒப்பந்தப் பணியாளர்கள் முன் உள்ள வழிகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் ஒன்றில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் ஒப்பந்தப் பணியாளர்கள் சங்கம் அமைப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனை என்பதை இங்கே எழுதப் போவதில்லை, ஏனெனில் அவர்கள் இன்றைக்கும் அங்கேதான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். வார்டு துடைப்பவர்கள், கழிப்பறை கழுவுபவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், வாயிலில் நிற்கும் செக்யூரிட்டிகள் என்று 120 பேர். பலர் ஒரே வார்டில் எட்டு, பத்து ஆண்டுகளாக இருக்கிறார்கள், அதற்குள் கான்ட்ராக்ட் மூன்று கை மாறிவிட்டது. சம்பளம் சில மாதங்களில் இருபதாம் தேதியைத் தாண்டி வருகிறது. சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். பிடித்தம் செய்யப்படுகிறது, ஆனால் கட்டப்படுகிறதா என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் நான்கு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "சார், நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க. எங்களுக்கு எது சரிப்பட்டு வரும்னு நீங்க யோசிச்சு எழுதிக் குடுங்க" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். நான் ஆய்வக நுட்புநராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் ஊழியர் சங்கத்தில் சந்தா கட்டியவன். ஒரு மாதம்கூடச் சம்பளம் வராமல் இருந்ததில்லை. என்னுடைய அனுபவம் அவர்களுடையதற்கு முழுப் பொருத்தமானது அன்று என்பதை அவர்களிடமே சொன்னேன். ஆனாலும் வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு அது தடையில்லை என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல் வேண்டும். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைன் நின்றால், அந்த மணி நேரமே முதலாளிக்கு நட்டம் தொடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் அப்படி இல்லை. வார்டு துடைக்கப்படாவிட்டால் ஒப்பந்ததாரருக்கோ அதிகாரிக்கோ அந்த நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. முதலில் அவதிப்படுபவர் பென்னாகரத்திலிருந்து பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கும் பெண்ணும், அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருக்கும் தாயும்தான். வேலையை நிறுத்துவது என்ற ஆயுதம் இங்கே முதலில் சொந்த மக்களின் மேல்தான் விழும். ஆகவே மருத்துவமனைப் பணியாளரின் உண்மையான பலம் அந்தத் தாய் யார் பக்கம் பேசுகிறார் என்பதில்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்: நாளை ஒரு தகராறு வந்தால், நோயாளியோடு வந்தவரை நம் பக்கம் நிறுத்த இந்த வழி உதவுமா? சட்டம், பணம், பாதுகாப்பு எல்லாம் முக்கியம்தான். ஆனால் அவை இதற்கு அடுத்த வரிசையில் வருகின்றன.

முதல் வழி, சங்கம் எதுவும் இல்லாமல் மனுக்களைக் கொண்டே போராடுவது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு, முதலமைச்சரின் உதவி எண் 1100, மருத்துவமனை முதல்வரிடம் ஒரு நகல். செலவு கிடையாது, பதிவு வேண்டாம், யாரும் பொறுப்பாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டவரின் பெயர் சூப்பர்வைசரின் கைக்கு வந்து சேர்வதற்கு ஒரு வாரம் போதும். அடுத்த மாதம் அவருக்கு மட்டும் தொடர்ந்து இரவு ஷிப்டு விழும். தனி ஆளாக மனு கொடுத்தவரை ஊருக்கும் தெரியாது. இந்த வழியில் நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றே ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில், துப்புரவு ஒப்பந்தத்தின் நகலையும், எத்தனை ஆள்களுக்கு என்ன விகிதத்தில் பில் போடப்படுகிறது என்ற கணக்கையும் கேட்கலாம்; முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பில்லில் ஒரு தலைக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது, கையில் எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அது எந்த மேடைப் பேச்சையும்விட ஊருக்கு விளங்கும். சங்கம் அமைப்பவர்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நலச்சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். 'பணியாளர் நலச்சங்கம்' என்ற பெயருக்கு எதிர்ப்பு குறைவு. மருத்துவமனை நிருவாகமும் ஆண்டு விழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொள்ளும். அந்த நால்வரில் இருவர் இதைத்தான் விரும்பினார்கள், அவர்கள் சொன்ன காரணத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. 'யூனியன்' என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டு ஆண்கள் வேலைக்குப் போக வேண்டாம் என்பார்கள், நலச்சங்கம் என்றால் மகளிர் குழு போலத்தானே என்று விட்டுவிடுவார்கள் என்றார் ஒருவர். மகளிர் குழுக்கள் வேர்விட்ட இந்த மாவட்டத்தில் அந்தக் கணக்கு தவறானது அன்று.

ஆனாலும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. காரணம் பழையது, சென்னையிலேயே நடந்தது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. அவருக்குத் துணையாக நின்றவர். அப்போது இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்று இல்லை. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று நிருவாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது, உயர்நீதிமன்றமும் தடை விதித்தது. சங்கம் நடத்துவதே நட்ட ஈட்டுக்கு உரிய குற்றம் போல ஆன அந்த நிலையை மாற்றத்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17, 18-ஆம் பிரிவுகள், தொழில் தகராறு தொடர்பாகச் சங்கம் எடுக்கும் நடவடிக்கைகளுக்காகப் பொறுப்பாளர்கள் மேல் சதி வழக்கோ நட்ட ஈட்டு வழக்கோ போட முடியாதபடி காப்பு அளித்தன. இன்றைக்கு 1926 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தக் காப்பு அதிலும் தொடர்கிறது. ஆனால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்குத்தான் அது உண்டு. நலச்சங்கத்தின் செயலாளர் வாயிலில் நின்று 'நாளைக்குக் கறுப்புப் பட்டை அணிவோம்' என்று சொன்னால், வாடியாவுக்கு இல்லாத பாதுகாப்பு அவருக்கும் இல்லை.

நலவாரிய அட்டையையும் சிலர் சங்கத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். தூய்மைப் பணியாளர் நலவாரியத்தில் பதிந்தால் கல்வி உதவி, விபத்து உதவி போன்றவை கிடைக்கும். அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம், செய்துகொள்ள வேண்டும். அது ஒப்பந்ததாரரோடு பேசாது.

இனி தொழிற்சங்கம். இதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது, மூன்று கிளைகளாக: தனித்து நிற்கும் சொந்தச் சங்கம், ஏதாவது ஒரு மத்திய சங்கத்தின், அதாவது நாடு தழுவிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின், மாவட்டப் பொதுச் சங்கத்தில் உறுப்பினர்களாகச் சேர்ந்துவிடுவது, சொந்தச் சங்கத்தைப் பதிவு செய்து அதை ஒரு மத்திய சங்கத்தோடு இணைப்பது.

சட்டம் கேட்கும் ஆள்பலம் அதிகமில்லை. விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்திட வேண்டும்; நிறுவனத்தின் தொழிலாளர்களில் நூற்றுக்குப் பத்து பேர் அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 120 பேரில் 12. முதல் கூட்டத்திலேயே அதைவிட அதிகம் பேர் வந்தார்கள். ஆனால் பதிவுக்குப் பின் வரும் எண்கள்தான் கவனிக்கத்தக்கவை. புதிய தொகுப்பின்படி, ஒரு நிறுவனத்தில் ஒரே சங்கம் செயல்பட்டால், விதிகளுக்கு உட்பட்டு, அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம், அதாவது தொழிலாளர் சார்பில் நிருவாகத்தோடு பேசும் தகுதி பெற்ற சங்கம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், வருகைப் பட்டியலில் உள்ளவர்களில் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்றது மட்டுமே அந்தத் தகுதியைப் பெறும். எதற்கும் அந்த அளவு இல்லையென்றால், குறைந்தது நூற்றுக்கு 20 பேரின் ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு அமையும். நமது கணக்கில் 51 விழுக்காடு என்பது 62 பேர், 20 விழுக்காடு என்பது 24 பேர். செக்யூரிட்டிகள் ஒரு கொடியின் கீழும், துப்புரவுப் பெண்கள் இன்னொரு கொடியின் கீழும், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் எதிலும் இல்லாமலும் பிரிந்தால், யாருக்கும் 62 வராது. பிரிந்து நிற்பதன் விலை முன்பும் இருந்தது. இப்போது அது எண்ணிக்கையாகவே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

தனித்து நிற்கும் சங்கத்தின் சிறப்பு, ஊர் அதை ஒரு கட்சியின் பக்கமாகப் பார்க்காது என்பது. தருமபுரியில் இது சிறிய விஷயமில்லை. ஒரு கொடியைப் பார்த்தவுடன் பேச்சைக் கேட்பதற்கு முன்பே பக்கம் சேர்ந்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. கொடியில்லாத சங்கம் டீக்கடையில் எல்லாருடனும் பேசலாம். குறை என்னவென்றால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் யார் வாதாடுவது, ஆண்டறிக்கையை யார் எழுதுவது, தலைவியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வழக்கறிஞருக்கு யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. மாதம் இருபது ரூபாய் சந்தா என்றால், 120 பேரும் கட்டினாலும் ஆண்டுக்கு 28,800 ரூபாய். ஒரு வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் பதிவே ரத்தாகிப்போன சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். போராட்டத்தில் தோற்காமல் தாளில் தோற்றவை அவை.

மத்திய சங்கத்தின் மாவட்டப் பொதுச் சங்கத்தில் சேர்வது இதற்கு நேர் எதிர். ஏ.ஐ.டி.யு.சி. 1920-லிருந்து இருக்கிறது, எச்.எம்.எஸ்., பி.எம்.எஸ்., 1970-இல் தொடங்கிய சி.ஐ.டி.யு., தொ.மு.ச. என்று வரிசை நீளம். ஓசூர் பக்கம் தொழிற்சாலைகளில் இவற்றுக்கு ஆள்பலமும் அனுபவமும் உண்டு. பதிவு ஏற்கெனவே இருப்பதால் நாளையே ரசீது போட்டுச் சேர்ந்துவிடலாம். வழக்கு, சமரசம், கணக்கு எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பொதுச் சங்கத்தில் பல துறைத் தொழிலாளர்கள் இருப்பார்கள். முடிவு எடுக்கும் மேசையில் நம் மருத்துவமனைப் பெண்கள் இரண்டு பேர் உட்காரலாம், உட்காராமலும் போகலாம். நோட்டீசில் எந்த வார்த்தை போடுவது, எந்த வார்டைத் தொடக்கூடாது என்பதை வார்டில் நிற்பவர் முடிவு செய்யாமல், நகரத்தில் இருக்கும் ஓர் அலுவலகம் முடிவு செய்யும் நிலை வரலாம். நான் வைத்த அளவுகோலின்படி இது பெரிய குறை.

மூன்றாவது கிளையை, அதாவது சொந்தப் பதிவும் இணைப்பும் சேர்ந்ததை, நான் பரிந்துரைக்கிறேன். பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வெளியாள்கள் இருக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஒன்பது பொறுப்பாளர்கள் என்றால் ஆறு பேர் வேலை செய்பவர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் உள்ளிருந்து வர வேண்டும், அவர்களில் இருவராவது துப்புரவுப் பணி செய்யும் பெண்களாக இருக்க வேண்டும், இணைப்புச் சங்கத்திலிருந்து வருபவர் துணைத் தலைவராகவோ சட்ட ஆலோசகராகவோ இருந்தால் போதும் என்பது என் கருத்து. துண்டறிக்கையும் வேலைநிறுத்த முடிவும் பொதுப்பேரவையின் வாக்கெடுப்பு இல்லாமல் வெளிவரக்கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். எந்த மத்திய சங்கம் என்று நான் சொல்லமாட்டேன். நான் ஒன்றில் இருந்தவன், என் சொல் நடுநிலையாக இருக்காது. மூன்று பேரை அழைத்துப் பேசவிட்டு, இந்த விதிகளை ஒப்புக்கொள்பவர் யார் என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

விதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று சங்கத்தின் பெயர். ஒப்பந்ததாரரின் நிறுவனப் பெயரை வைத்துச் சங்கம் பதிந்தால், டெண்டர் முடிந்து வேறு கம்பெனி வரும் நாளில் சங்கம் அனாதையாகும். வேலை இடத்தையும் மாவட்டத்தையும் வைத்துப் பெயரிட வேண்டும்; அப்போது எந்தக் கம்பெனி வந்தாலும் சங்கம் அப்படியே இருக்கும், பக்கத்து வட்டத்து மருத்துவமனைக்காரர்களும் பின்னர் சேரலாம்.

சங்கம் பதிந்தால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவரை இரண்டாம் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால்கூடத் தொழிலாளர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனத்தின், இங்கே மருத்துவமனையின்) ஊழியர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சொன்னது. முறைப்படி நியமிக்கப்படாதவர்களுக்கு நிரந்தரம் உரிமையாகாது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. இந்தச் சுவரில் முதல் நாளே முட்டிக்கொள்வதைவிட, சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பதை வசூலிப்பது நல்லது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். ஒப்பந்ததாரர் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தந்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கடமை 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. பி.எஃப். விஷயத்திலும் முதன்மை நிறுவனம் கைகழுவ முடியாது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் தொழிலாளர் பங்கு நூற்றுக்கு 0.75, முதலாளி பங்கு 3.25, மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். மருத்துவமனையிலேயே வேலை செய்துகொண்டு, இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வராததால் தன் பிள்ளைக்குத் தனியாரிடம் கடன் வாங்கி வைத்தியம் பார்த்த ஒரு தாயை இந்தக் கூட்டத்திலேயே சந்தித்தேன்.

சங்கத்தின் வடிவத்தைவிட அதிகம் பேச வேண்டியது ஊர் ஆதரவைப் பற்றி. இதில் என் சொந்தத் தோல்வி ஒன்று உண்டு. 2003 ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது, அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அன்று என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் ஆய்வகத்திலேயே இருவர் வேலை இழந்து நின்றார்கள். டீக்கடையில் எங்களைப் பார்த்தவர்கள் 'கை நிறையச் சம்பளம் வாங்கறவங்களுக்கு நல்லா வேணும்' என்றார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், இருபது ஆண்டு சங்கத்தில் இருந்த நாங்கள் ஒருமுறையாவது அந்த டீக்கடைக்காரரிடம் எங்கள் வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் ஒட்டிய சுவரொட்டிதான் எங்கள் முதல் பேச்சு.

ஆகவே ஆதரவு கேட்கும் நேரத்தைப் பொறுத்தவரை, தகராறு வந்தபின் கேட்பது, முன்பே கேட்பது என்ற இரண்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதை வைத்துக் கேட்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. 'எங்கள் சம்பளம் குறைவு' என்று சொல்லிக் கேட்கலாம். உண்மைதான், ஆனால் நூறு நாள் வேலைக்கும் மாங்காய் பறிக்கவும் போகிறவர், தன் கூலியைவிட அது எவ்வளவு குறைவு என்று கணக்குப் பார்ப்பார். 'வார்டில் நடப்பது உங்களையும் பாதிக்கிறது' என்று சொல்வது வேறு. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, அந்தக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மஞ்சள் காமாலை பி வகைக்கும் டெட்டனசுக்கும் தடுப்பூசி போடவும், ஆண்டுக்கு ஒருமுறையாவது உடல் பரிசோதனை செய்யவும் சொல்கின்றன. கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்துப் போட வேண்டும், சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கையுறை தராமல் ஊசி பொறுக்கச் சொல்லும் இடத்தில் ஊசி குத்தப்போவது துப்புரவுப் பெண்ணுக்கு மட்டுமா, கீழே பாயில் தூங்கும், நோயாளியோடு வந்த அட்டெண்டருக்குமா? இரவில் இரண்டு வார்டுக்கு ஒரே ஆள் என்றால், ரத்தம் கொட்டிய தரை எத்தனை மணி நேரம் அப்படியே கிடக்கும்? இதைக் கேட்ட அட்டெண்டருக்கு விளக்கம் தேவையில்லை, அவர் நேற்று இரவு அங்கேதான் இருந்தார்.

யாரிடம் போவது என்பதிலும் பலர் முதலில் நினைப்பது அரசியல்வாதிகளையும் பத்திரிகையாளர்களையும். அவர்களும் வேண்டும், ஆனால் அவர்கள் கடைசியாக வரட்டும். முதலில் மருத்துவமனை வாயிலில் உள்ள இட்லிக்கடை, பழக்கடை, ஆட்டோ நிறுத்தம், 108 ஓட்டுநர்கள். அடுத்து உள்ளேயே இருக்கும் நிரந்தரச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வகத்தார். இவர்கள் மௌனமாக இருந்தால்கூட அதைச் சூப்பர்வைசர் தன் பக்கம் என்று எடுத்துக்கொள்வார். பின்னர் ஒவ்வொரு பணியாளரின் சொந்தக் கிராமம். 120 பேர் என்றால் முப்பது, நாற்பது கிராமங்களாவது இருக்கும். மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், தொழிலாளர் நாளில் கூடும் அந்தச் சபையில், 'எங்கள் கிராமத்தார் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் போதிய துப்புரவுப் பணியாளர் இருக்க வேண்டும், அவர்களுக்குச் சட்டப்படியான ஊதியம் உரிய தேதியில் வர வேண்டும்' என்ற ஒரு தீர்மானத்தை முன்வைக்கலாம். பத்துக் கிராமங்களில் அது நிறைவேறினால், அந்தப் பத்து நகல்களோடு திங்கள்கிழமை ஆட்சியரிடம் போவது, தனி மனுவோடு போவதிலிருந்து எவ்வளவு வேறானது என்று எண்ணிப் பாருங்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை செய்யும் ஆள் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அவர்களில் சங்கத்தில் இருப்பவர்கள், தங்கள் அண்ணிக்கும் அத்தைக்கும் சங்கம் அமைக்க வழி சொல்லத் தயங்கமாட்டார்கள்.

'ஊர் ஆதரவு' என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லிலேயே ஒரு முள் இருக்கிறது. நம் பக்கம் 'ஊர்' என்றால் காலனி அதற்குள் வராது. துப்புரவு வேலையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் காலனியிலிருந்து வருபவர்கள். செக்யூரிட்டிகளில் பலர் ஊரிலிருந்து வருபவர்கள். 2012 நவம்பரில் தருமபுரி அருகே நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் சாதி வெறியில் எரிக்கப்பட்டதைப் பார்த்த பக்கம் இது. சங்கக் கூட்டத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் டீ குடிக்காதவர்கள், போராட்டத்தின் மூன்றாம் நாள் ஒரே வாயிலில் நிற்கமாட்டார்கள். 1921-இல் சென்னை ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் பிரிந்ததும், அது புளியந்தோப்பில் கலவரமாக வெடித்ததும், நாட்டின் முன்னோடித் தொழிற்சங்கத்தை உடைத்த வரலாறு. எனவே செக்யூரிட்டிகளுக்குத் தனிச் சங்கம் என்று யாராவது சொன்னால், அதன் உண்மையான காரணம் ஷிப்டு நேரமா வேறா என்று கூட்டத்திலேயே வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும் என்று அந்த நான்கு பெண்களிடமும் சொன்னேன். மூத்தவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா சார்" என்றார்.

கடைசியாக, வேலைநிறுத்தம். புதிய தொகுப்பின்படி முன்னறிவிப்பு கொடுத்துப் பதினான்கு நாளுக்குள் வேலைநிறுத்தம் கூடாது, அறிவிப்பு கொடுத்த அறுபது நாளுக்குள் அதை நடத்த வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போதும் அதன்பின் ஏழு நாளும் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தமாகவே கருதப்படும். 'எல்லாரும் லீவு போட்டுடலாம்' என்ற எளிய யோசனை இனிச் செல்லாது. 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்த செவிலியர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகமான டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தபோது, அந்த ஒரு தொகை எல்லார் மனத்திலும் பதிந்தது, அனுதாபமும் இருந்தது. ஆனாலும் உயர்நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது. செவிலியருக்கே அப்படியென்றால், ஒப்பந்ததாரர் மறுநாளே வேறு ஆளை இறக்கிவிடக்கூடிய துப்புரவுப் பணியாளருக்கு என்ன ஆகும்? ஆகவே ஷிப்டு மாறும் நேரத்தில் வாயிற்கூட்டம், கறுப்புப் பட்டை, பணி நேரத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம், குடும்பத்தோடு உண்ணாவிரதம் ஆகியவற்றைத்தான் முதல் ஆண்டுக்குச் சொல்வேன். இவை மெதுவானவை என்று இளைஞர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் பிரசவ வார்டு, தீவிர சிகிச்சை, அவசரப் பிரிவு, டயாலிசிஸ் ஆகிய நான்கிலும் எந்தச் சூழ்நிலையிலும் வேலை நிற்காது என்று சங்கம் தன் முதல் துண்டறிக்கையிலேயே எழுதி, அதைக் காப்பாற்றியும் காட்டினால், என்றாவது ஒருநாள் வேலைநிறுத்தம் தவிர்க்க முடியாததாகும்போது, அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்த தாய் 'இவங்க சும்மா செய்யமாட்டாங்க' என்று பக்கத்தில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர்கள் மறுபடி வருகிறார்கள். தகவல் உரிமை மனுவின் வரைவும், ஒன்பது பொறுப்பாளர் இடங்களுக்கான விதியும், நான்கு வார்டுகளைப் பற்றிய அந்தப் பத்தியும் எழுதி வைத்திருக்கிறேன். யாருடைய பெயரைச் செயலாளர் இடத்தில் எழுதுவது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.